பொருள் தெரிகிறது, பேச்சு வரவில்லை!

கேள்வி: தினமும் ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறேன். பேச வாயெடுத்தால் ஒன்றும் வருவதில்லை. என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, கரூர்

பதில்: பொருள் மட்டும் தெரிந்தால் போதாது, அந்தச் சொல் எதோடு சேரும் என்பதும் தெரிய வேண்டும். ‘மேக்’, ‘டூ’ இரண்டுக்கும் ‘செய்’ என்றுதான் எழுதி வைத்திருப்பீர்கள். ஆனால் தப்புக்கு ‘மேக் எ மிஸ்டேக்’, வீட்டுப்பாடத்துக்கு ‘டூ ஹோம்வொர்க்’. மாற்றிப் போட்டால் உதைக்கும்.

இலக்கணமும் அப்படியே. ‘பற்றி’ என்ற தமிழ் நினைப்பில் ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின் ‘அபவுட்’ போட்டுவிடுகிறோம். அங்கே அது தேவையில்லை. ‘வி டிஸ்கஸ்ட் த ப்ராப்ளம்’ என்று முழு வாக்கியமாகவே மனசில் வாங்கியவருக்கு இந்தச் சிக்கல் வராது. 1987இல் வெளியான காலின்ஸ் கோபில்ட் அகராதி, சொல்லின் பொருளையே முழு வாக்கியத்தில் விளக்கியது இதற்காகத்தான்.

இனி நோட்டில் சொல்லுக்கு எதிரே, நீங்கள் படித்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். கீழே அதே அமைப்பில் உங்கள் வீடு, கல்லூரி பற்றிச் சொந்தமாக ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். அடுத்த வாரம் சொல்லை மறைத்துவிட்டு, வாக்கியத்தை வாய்விட்டு நிரப்பிப் பாருங்கள்.