தொலைவும் காலமும்

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தொலைவு தெரிந்தால், பயணத்திற்கு ஆகும் காலமும் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுவர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் செல்லும் சமவெளிப் பாதையில் இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால், நாட்டின் வடகோடியில் மலைகள் சூழ அமைந்த ஸ்ரீநகர், லே என்னும் இரு விமான நிலையங்களுக்கு இடையே அஃது அவ்வளவாகப் பொருந்துவதில்லை.

ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில், காஷ்மீரப் பள்ளத்தாக்கில் உள்ளது. லே நகர விமான நிலையமோ சிந்து நதிப் பள்ளத்தாக்கில் 3,256 மீட்டர் உயரத்தில் அமைந்தது. இவ்விரு நகரங்களையும் இணைக்கும் சாலையின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அச்சாலை சோஜி லா முதலிய கணவாய்களில் ஏறி இறங்கிச் செல்வதால், இடையே கார்கிலில் இரவு தங்கி மறுநாள் பயணத்தைத் தொடர்வோர் பலர். பனி மிகும்போது கணவாய் மூடப்படுதலும் உண்டு. வானில் நேராக அளந்தால் தொலைவு ஏறத்தாழ 255 கிலோமீட்டரே ஆகும்.

மணிக்கு 750 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் இத்தொலைவை இருபது நிமிடங்களில் கடந்துவிடும் என்று கணக்குக் கூறும். உண்மையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். ஏனெனில், விமானம் மலைகளுக்கு மேல் எழும் வரை வேகம் குறைவு. இறங்கும்போதும் சிகரங்களுக்கு இடையே மெல்லத் திரும்பியே இறங்குதல் வேண்டும்.

இதற்குக் காற்றும் ஒரு காரணமாகும். கடலுக்கு அண்மையிலுள்ள குயிலாப்பாளையத்தில் காற்று அடர்த்தியாக இருக்கிறது. லேயில் அதன் அடர்த்தி ஏறத்தாழ முக்கால் பங்கே. இறக்கைகளைத் தாங்கும் காற்று மெலிந்திருப்பதால், விமானம் தரையில் மிகுந்த வேகத்துடன் நெடுந்தொலைவு ஓடிய பின்னரே எழும்பும். வெயில் ஏறினால் காற்று மேலும் மெலியும். பிற்பகலில் மலைக்காற்றும் வலுக்கும். ஆதலால் அங்கு விமானங்கள் பெரும்பாலும் காலை வேளையிலேயே வந்து செல்கின்றன.

இவ்வழியின் அருமையை 1948ஆம் ஆண்டு உலகறியச் செய்தது. அவ்வாண்டு படையெடுத்து வந்தோர் கார்கிலைக் கைப்பற்றி லேயை நெருங்கினர். சாலை வழி அடைபட்டது. சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியாளர் ஊர் மக்களின் துணையோடு ஓடுதளம் ஒன்றை விரைந்து அமைத்தார். மே மாதம் 24ஆம் நாள், ஏர் கமடோர் மெஹர் சிங், மேஜர் ஜெனரல் திம்மையாவை உடனழைத்துக்கொண்டு, டகோட்டா விமானத்தை அங்கு இறக்கினார். அவ்விமானத்தில் உயரப் பறப்பதற்கான காற்றழுத்த வசதி இல்லை. அதன்பின் படைவீரர்கள் வான்வழியே சென்று சேர்ந்தனர். லே நகரும் காக்கப்பட்டது.

இன்றும் பனிக்காலத்தில் நோயாளிகளும் மாணவர்களும் பிறரும் இவ்வான்வழியையே நம்பியுள்ளனர். எனினும், மேகம் மலைகளை மூடினால் விமானி இறங்காமல் திரும்பிவிடுவார். அதனைக் கோழைமை என்று அறிந்தோர் கூறார். குறித்த நேரத்தில் சேர்வதினும் பயணிகளின் உயிரைப் பேணுதலே பெரிது என்பதை அவர் நன்கு உணர்ந்தவர்.