பச்சைப் படைவீரர்கள்

உள்ளங்கையில் நான்கைந்து பேர் அடங்கிவிடுவார்கள். காலடியில் தட்டையான பீடம், கையில் துப்பாக்கி, உடல் முழுவதும் ஒரே பச்சை நிறம். இத்தகைய நெகிழிப் படைவீரர் பொம்மைகள் அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டு முதல் விற்கப்படுகின்றன.

1998ஆம் ஆண்டில் 3டிஓ எனும் அமெரிக்க நிறுவனம் அவற்றைக் கணினித் திரைக்குள் கொண்டுவந்தது. 'ஆர்மி மென்' என்பது அவ்விளையாட்டின் பெயர். பச்சைப் படைக்கும் பழுப்புப் படைக்கும் போர். ஆட்டக்காரர் 'சார்ஜ்' என்ற பச்சை வீரரை இயக்குவார். இப்போரில் இரத்தம் சிந்துவதில்லை. குண்டு வெடித்தால் வீரர் துண்டுகளாகச் சிதறுவார். தீப்பட்டால் மெழுகைப் போல் உருகிவிடுவார். பொம்மை எதனால் ஆனது என்பதை மறக்காததே இவ்விளையாட்டின் அழகு.

அடுத்த ஆண்டு வெளிவந்த 'சார்ஜஸ் ஹீரோஸ்' விளையாட்டில், வீரர்கள் மனிதர்களின் வீட்டுக்குள்ளேயே நுழைந்தனர். சமையலறையும் குளியலறையும் போர்க்களங்களாயின. விரல் உயர வீரனுக்கு மேசையே மலைதானே! தரையில் படுத்துப் பொம்மைகளை அடுக்கிய சிறுவர்கள் கற்பனையில் கண்ட உலகமும் இதுதான்.

விளையாட்டு நன்றாக விற்பனையானதும் நிறுவனம் அவசரப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் பத்துக்கும் மேற்பட்ட 'ஆர்மி மென்' விளையாட்டுகளை வெளியிட்டது. பெயர்கள் மாறின, ஆட்டம் அவ்வளவாக மாறவில்லை. விமர்சகர்கள் குறைகூறினர். வாங்கியவர்களுக்கும் சலிப்புத் தட்டியது. 2003ஆம் ஆண்டில் 3டிஓ திவாலானது.

பொம்மைகளோ இன்றும் பைப்பையாக விற்கின்றன. 2014ஆம் ஆண்டில் அவை அமெரிக்காவின் தேசியப் பொம்மைப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றன.