பாதரசம் சிந்தினால்…

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பாதரசத்தைக் கண்டு வியக்காத மாணவர் இருக்க முடியாது. உலோகமாக இருந்தும் நீர் போல் ஓடுகிறது; ஓடினாலும் கையை நனைப்பதில்லை. பள்ளியில் ஒரு வெப்பமானி உடைந்த அன்று, அந்த வெள்ளி முத்துக்களை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவர்களில் நானும் ஒருத்தி. விளையாடி முடித்ததும் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கடையில் தள்ளினோம். அன்று செய்தவை அத்தனையும் தவறு என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

விழுங்கினால் விஷம் என்றுதான் பலரும் எண்ணுகிறோம். ஆனால் உலோகப் பாதரசம் குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. ஆபத்து அதன் ஆவியில் இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் சென்ற ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலிலேயே தங்கி, நரம்பையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. கை நடுக்கம், ஈறு வீக்கம், மறதி, காரணமற்ற எரிச்சல் எல்லாம் மெல்ல மெல்ல வருபவை. ஆகவே ‘வயசாகிவிட்டது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு மணி நேர வேலைக்குப் பல நாடுகள் வகுத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். அப்படியானால் ஒரே ஒரு கிராம் பாதரசம் 20,000 கன மீட்டர் காற்றை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். அது நூறு வகுப்பறைகளின் காற்று! அந்த ஒரு கிராமைத் துடைப்பத்தால் அடித்து ஆயிரம் சம உருண்டைகளாக்கினால் மேற்பரப்பு பத்து மடங்காகிறது; ஆவியாதலும் அவ்வாறே. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மூடிய அறையில் 20 பாகை செல்சியசில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 13 மில்லிகிராம் வரை நிறையும் ஆவி, 40 பாகையில் 60ஐத் தாண்டுகிறது. சித்திரை மாதத் திருச்சிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

குளிர்ந்த மலையில்கூட இது என்ன செய்யும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுனிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து, 1980களில் பாண்ட்ஸ் நிறுவனம் அங்கே வெப்பமானித் தொழிற்சாலை தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவருக்குச் சென்றது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கும் மேல் கிடப்பதை ஊர்மக்கள் வெளிக்கொணர்ந்தனர். அம்மாதமே உற்பத்தி நின்றது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. தொழிலாளர் நோய்க்குப் பாதரசமே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை; தொழிலாளர் விடவுமில்லை. 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது.

ஆலைக்குள் இருந்தவரை ‘அபாயம்’ என்றிருந்த பொருள், வாசலைத் தாண்டியதும் ‘சாமான்’ ஆகிவிட்டது. இதைப் படித்தபோது என் மனம் பாலக்கரைக்கு ஓடியது. என் தந்தை அங்கே ஒரு காயலான் கடையில் சாமான் பிரிக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற ஆண்டு ஒருநாள் மாலை, அப்பா டானிக் பாட்டில் ஒன்றை நீட்டினார். “உங்க காலேசுக்கு ஆகுமா ஆயி?” என்றார். அடியில் பாதரசம் மின்னியது. பழைய இரத்த அழுத்தக் கருவிகள் இரண்டைப் பித்தளைக்காக உடைத்தாராம். அவ்வகைக் கருவி ஒன்றிலேயே ஏறத்தாழ 100 கிராம் இருக்கும். வெப்பமானியில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. மீதி எங்கே என்று கேட்டேன். “கூட்டி ஓரமாத் தள்ளிட்டேன்” என்றார். எனக்குக் கைகால் ஓடவில்லை.

எங்கள் வேதியியல் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் சொன்ன முறை எந்தப் பட்டறைக்கும் பொருந்தும். முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டும், கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் எல்லோருக்கும் முன்னே. வெளிச் சன்னலைத் திறந்து, உள்கதவை மூடி, மின்விசிறியை நிறுத்த வேண்டும். மிதித்தவர் செருப்போடு நடமாடக் கூடாது. மோதிரம் வளையலைக் கழற்றிவிட வேண்டும். தங்கத்தோடு பாதரசம் ஒட்டிக்கொள்ளும். துடைப்பமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் அறவே கூடாது. டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிய துளிகள் மினுக்கும். கையுறை அணிந்து, கெட்டி அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்ச வேண்டும்; பொடித் துளிகளை ஒட்டு நாடாவால் எடுக்கலாம். கந்தகப் பொடி தூவினால் எல்லாம் சரி என்பது பாதி உண்மை. வினை மெதுவானது, துளியின் மேல்தோலோடு நின்றுவிடும். விரிசல் விட்ட தரையைப் பெயர்த்தெடுப்பதே வழி.

வெப்பமானி அளவுக்கு மேல் சிந்தினால் நாமே இறங்கக் கூடாது என்று அவர் கண்டித்தும் சொன்னார். தொழிற்சாலையில் ஆவி அளக்கும் கருவியும், பாதரசத்துக்கென்றே அமைந்த முகமூடியும், பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். வேலை உடுப்பு வீட்டுக்கு வரக் கூடாது. அப்பாவின் சட்டை எங்கள் கொடியில் தொங்கிய எத்தனை இரவுகள்!

கடைக்காரர் நல்லவர், இரண்டு நாள் அந்தப் பகுதியை அடைத்து வைத்தார். பேராசிரியரே வந்து பார்த்துத் தரையைப் பெயர்க்கச் சொன்னார். அப்பாவுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தோம். மருத்துவர் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார். பாட்டிலும் சட்டையும் செருப்பும் இரட்டை உறையில் இறுகக் கட்டி, பெயர் எழுதி, கடையின் பின்புறம் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றை ஒப்படைக்க வழி கேட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதியிருக்கிறேன்.

மருத்துவமனைகள் இக்கருவிகளைப் பழைய சாமானோடு போடக் கூடாது என்பது விதி. ஆயினும் வருகின்றன. அப்பா இப்போது அவற்றை உடைப்பதில்லை. மூலையில் நிமிர்த்தி வைக்கிறார். கடைப் பையன்கள் அதற்கு ‘காலேசுச் சாமான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.