வாளியால் அள்ளிய எண்ணெய்

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. மேலே மிதக்கும். மெல்லப் பரவும். சற்று நேரத்தில் தட்டு முழுவதும் பளபளக்கும்.

இப்போது அந்த எண்ணெயை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். எடுக்க முடிகிறதா? விரலில் ஒட்டும். தட்டில் ஒட்டும். ஒரு சொட்டுக்கே இந்தப் பாடு. டன் கணக்கில் எண்ணெய் கடலில் கொட்டினால் என்ன ஆகும்?

அப்படி ஒரு விபத்து சென்னைக்கு அருகே எண்ணூரில் நடந்தது. எண்ணெய் சிந்தியது ஒரு துன்பம். அதன் பிறகு நடந்தது மக்களுக்கு இன்னொரு துன்பம். இரண்டையும் இந்தப் பாடத்தில் படிப்போம்.

எண்ணூரில் நடந்தது

2017ஆம் ஆண்டு ஜனவரி 28. விடியாத நேரம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்றின் பெயர் பி.டபிள்யூ. மேப்பிள். அது எரிவாயு ஏற்றும் கப்பல். துறைமுகத்திலிருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மற்றொன்றின் பெயர் டான் காஞ்சிபுரம். அது பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு உள்ளே வந்தது. மோதியதில் கெட்டியான கறுப்பு எண்ணெய் கடலில் கொட்டியது. கப்பலின் இயந்திரம் ஓடுவதற்கான எண்ணெய் அது.

கடலில் பாதிப்பு ஏதும் இல்லை என்று துறைமுகம் முதலில் அறிவித்தது. ஆனால் கடல் நீரோட்டம் அறிவிப்புக்காகக் காத்திருக்கவில்லை. கறுப்பு எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் வந்து அப்பியது. அலைத் தடுப்புக் கற்களின் இடுக்கில் தார் போலத் தேங்கியது. திருவொற்றியூர், காசிமேடு, மெரினா, திருவான்மியூர் என்று தெற்கே பரவிக்கொண்டே போனது. எண்ணெய் படிந்த ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின.

பிறகு துப்புரவு தொடங்கியது. கடலோரக் காவல் படையினர் வந்தார்கள். மாநகராட்சித் தொழிலாளர்கள் வந்தார்கள். கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். மீனவர்களும் இறங்கினார்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரிகளும் வந்தன. ஆனால் எண்ணெய் மிகவும் கெட்டியாக இருந்தது. குப்பையும் அதில் கலந்திருந்தது. குழாய் அடைத்துக்கொண்டது. கடைசியில் கைக்குக் கிடைத்தது பிளாஸ்டிக் வாளிதான். வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி நாள் கணக்கில் எண்ணெயை அள்ளினார்கள். நாடு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்தது.

மக்கள் கேட்ட கேள்விகள்

மக்களுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் கேள்விகளாக வெளிப்பட்டது.

முதல் கேள்வி: உண்மையை ஏன் உடனே சொல்லவில்லை?

முதலில் பாதிப்பு இல்லை என்றார்கள். பிறகு சுமார் 20 டன் சிந்தியது என்றார்கள். கடைசியில் அந்தக் கணக்கு 196 டன் என்று ஆனது. இந்த மாற்றத்தால் வந்த நட்டம் பெரிது. எண்ணெய் தண்ணீரில் இருக்கும்போதே வளைத்துப் பிடிப்பது எளிது. கரையில் ஒட்டிய பிறகு கடினம். முதல் சில மணி நேரம்தான் முக்கியம். “கொஞ்சம்தான்” என்று நினைத்தால் அந்த நேரம் போய்விடும்.

இரண்டாவது கேள்வி: சிந்தியது கொஞ்சம் என்றால், அள்ள அள்ளக் குறையவில்லையே, ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலில் சொன்ன கணக்கு குறைவாக இருந்தது ஒன்று. மற்றொன்று எண்ணெயின் குணம். அலை அடிக்க அடிக்க, கெட்டி எண்ணெய்க்குள் கடல் நீர் புகுந்துகொள்ளும். அது களி போல உப்பிவிடும். அதனால் அள்ளும் சேறு, சிந்திய எண்ணெயை விடப் பல மடங்கு ஆகும். இதை அதிகாரிகள் மக்களிடம் வந்து விளக்கியிருந்தால் சந்தேகம் குறைந்திருக்கும்.

மூன்றாவது கேள்வி: கருவிகள் எங்கே?

எண்ணெயைத் தடுக்கக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று மிதவை வேலி. அது தண்ணீரில் மிதந்து எண்ணெயை ஓர் இடத்தில் வளைத்து நிறுத்தும். இன்னொன்று வழிப்பான். அது மேலே மிதக்கும் எண்ணெயை மட்டும் வழித்தெடுக்கும். இதற்கென்று கடலோரக் காவல் படைக்குச் சென்னையிலேயே ஒரு மையம் உண்டு. நாட்டுக்கு ஒரு திட்டமும் 1996 முதல் உண்டு. 700 டன் வரை எண்ணெய் சிந்தினால், துறைமுகமும் எண்ணெய் நிறுவனங்களுமே சமாளிக்க வேண்டும் என்று அந்தத் திட்டம் சொல்கிறது. திட்டம் தாளில் இருந்தது. எர்ணாவூர்க் கரையில் வாளி இருந்தது. இதுதான் மக்களை வருத்தியது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. பாறை இடுக்கில் எண்ணெய் புகுந்துவிட்டால் பெரிய கருவி அங்கே நுழையாது. அங்கே கையால்தான் எடுக்க வேண்டும். ஆனால் கையால் எடுப்பவருக்குக் கையுறை வேண்டும். காலுறை வேண்டும். முகமூடி வேண்டும். அந்த எண்ணெய் தோலில் எரிச்சல் தரும். அதன் வாடை தலைவலியும் மயக்கமும் தரும்.

நான்காவது கேள்வி: எங்கள் பிழைப்புக்கு யார் பொறுப்பு?

கடலில் எண்ணெய் என்ற செய்தி பரவியது. மீன் வாங்க மக்கள் பயந்தார்கள். கடலுக்குப் போன படகும் நட்டப்பட்டது. போகாத படகும் நட்டப்பட்டது. வலையில் எண்ணெய் பட்டால் வலை பாழ். கூடையில் மீன் சுமந்து தெருத் தெருவாக விற்கும் பெண்களுக்கும் வருமானம் இல்லை. படகு உள்ளவருக்காவது பதிவுப் புத்தகம் இருக்கும். கூடைக்காரிக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

மீண்டும் அதே எண்ணூர்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. அப்போது மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரிலும் படகிலும் எண்ணெய் படிந்தது. கூழைக்கடாப் பறவைகளின் வெள்ளை இறகு கறுப்பானது. மறுபடியும் மீனவர்கள் படகில் இருந்தபடி குவளையால் எண்ணெயை மொண்டார்கள். ஏழு ஆண்டு ஆகும் முன்பே அதே காட்சி. “முன்பு பட்டதிலிருந்து என்ன கற்றோம்?” என்று மக்கள் கேட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

சுந்தரவனத்தில் நடந்தது

எண்ணூர் ஹவுராவிலிருந்து வெகுதூரம். ஆனால் சுந்தரவனம் பக்கத்தில் இருக்கிறது. அதன் ஒரு பகுதி மேற்கு வங்கத்தில். மறு பகுதி வங்க தேசத்தில்.

2014 டிசம்பர் 9ஆம் நாள். வங்க தேசத்துச் சுந்தரவனத்தில் ஷேலா ஆற்றில் ஓர் எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. அதில் சுமார் மூன்றரை லட்சம் லிட்டர் உலை எண்ணெய் இருந்தது. டால்பின்கள் வாழும் ஆறு அது. ஆற்றோர மக்கள் பானை, சட்டி, கடற்பஞ்சு கொண்டு எண்ணெயை எடுத்தார்கள். அள்ளிய எண்ணெயை ஓர் எண்ணெய் நிறுவனம் லிட்டர் 30 டாக்காவுக்கு வாங்கியது. காசு கிடைக்கும் என்று சிறுவர்களும் வெறுங்கையோடு இறங்கினார்கள். உடம்பெல்லாம் கறுப்பு.

நாடு வேறு. ஆறு வேறு. ஆனால் அங்கும் அள்ளியது ஏழையின் கைதான்.

நம் கங்கையில்

ஹவுரா மாவட்டத்தில் பௌரியா இருக்கிறது. அதன் எதிர்க்கரையில் பட்ஜ்பட்ஜ். அங்கே எண்ணெய்க் கிடங்குகள் உண்டு. எண்ணெய்க் கப்பல்கள் அணையும் துறையும் உண்டு. இன்னும் கீழே ஹால்தியாவில் துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கின்றன.

“அது நமக்குக் கீழே அல்லவா இருக்கிறது? தண்ணீர் கீழ் நோக்கித்தானே ஓடும்?” என்று சிலர் நினைக்கலாம். ஆனால் ஹவுராவில் கங்கைக்கு ஏற்றமும் வற்றமும் உண்டு. ஜோயார் வரும்போது தண்ணீர் கடலிலிருந்து மேல் நோக்கி ஏறும். படித்துறையில் குளிப்பவர்கள் தினமும் இதைப் பார்க்கிறார்கள். கீழே எண்ணெய் சிந்தினால் ஜோயார் அதை மேலே தள்ளிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் கடலிலிருந்து ஏறி வரும் இலிஷ் மீனும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

பயப்படுவதற்காக இதைச் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொள்வதற்காகச் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம். 1996இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது.

கப்பல் எண்ணெய்க்கும் ஓர் உலக ஒப்பந்தம் உண்டு. இந்தியா 2015இல் அதில் சேர்ந்தது. கப்பலின் எண்ணெய் சிந்தினால் கப்பல் உரிமையாளர் நட்ட ஈடு தர வேண்டும். பெரிய கப்பல்கள் இதற்காகக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

கேரளத்தில் நடந்ததைப் பாருங்கள். 2025 மே மாதம் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கியது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றம் போனது. அந்த நிறுவனத்தோடு தொடர்புள்ள வேறொரு கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றது. அதைப் பிடித்து வைக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு 1,227 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்றது. மூழ்கிய கப்பலிடம் கேட்க முடியாது. மிதக்கும் கப்பலைப் பிடித்து வைத்துக் கேட்கலாம். சட்டத்துக்கு அந்த வலிமை உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

கடலில் எண்ணெய் தெரிந்தால் கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். ஆற்றில் தெரிந்தால் 112 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

வெறுங்கையால் அள்ளக் கூடாது. பிள்ளைகளை இறக்கக் கூடாது. பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. துப்புரவுக்குக் கூப்பிட்டால் முதலில் கையுறை கேளுங்கள். கூலி எவ்வளவு என்றும் கேளுங்கள். அது உரிமை.

அன்றன்றே எழுதி வையுங்கள். தேதி, வேலை போன நாள், கெட்ட வலை, விற்காத மீன், மருத்துவச் செலவு எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். கூடைக்காரிக்கு ஆதாரம் அவர் எழுதிய நோட்டுதான். மீன் எடுத்த இடத்தில் தரும் துண்டுச் சீட்டையும் அதில் ஒட்டி வைக்கலாம்.

மனு கொடுத்தால் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். எவ்வளவு எண்ணெய் சிந்தியது, என்ன கருவி இருந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இந்தச் சட்டம் 2005இல் வந்தது. மத்திய அரசு அலுவலகங்களில் கட்டணம் 10 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் கிழக்கு மண்டல அமர்வு கொல்கத்தாவில் இருக்கிறது. நட்ட ஈடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. பலர் சேர்ந்து கேட்டால் குரல் வலுக்கும்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபம் நாலு நாளில் ஆறிவிடும். எழுதி வைத்த கணக்கு ஆறாது. “கொஞ்சம்தான் சிந்தியது” என்று ஒருவர் சொல்லும்போது, “இதோ எங்கள் கணக்கு” என்று நீட்ட நம்மிடம் ஒரு நோட்டு இருக்க வேண்டும். அதற்குத்தான் எழுத்து.

சொல்லும் பொருளும்

கழிமுகம் – ஆறு கடலில் சேரும் இடம்
உலை எண்ணெய் – கெட்டியான கறுப்பு எரி எண்ணெய்
நட்ட ஈடு – இழப்புக்குத் தரும் பணம்
காப்பீடு – இன்சூரன்ஸ்
தீர்ப்பாயம் – ஒரு வகை வழக்குகளுக்கான தனி நீதிமன்றம்
நகல் – காப்பி

பேசுவோம்

1. எண்ணூர் மக்கள் கேட்ட நான்கு கேள்விகளில் முக்கியமானது எது? ஏன்?
2. முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம்?
3. படகு இல்லாத மீன்காரப் பெண் தன் நட்டத்தை எப்படிக் காட்டுவார்?

எழுதுவோம்

பௌரியா படித்துறை அருகே தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துறைமுக அலுவலகத்துக்கு ஐந்து வரியில் ஒரு மனு எழுதுங்கள். தேதியும் நேரமும் இடமும் மறக்காமல் எழுதுங்கள்.