பன்னிரண்டு மாடுகளும் ஓர் அசுரனும்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு 23, 'காட்சித் தொடர்பு'. ஸ்கிராட்ச் மென்பொருளை அறிமுகம் செய்யும் பாடம். கடைசியில் இருப்பதால், திருப்புதல் தேர்வு நெருக்கடியில் நம்மில் பலர் அதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன்.

தேர்வாய் கண்டிகையை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளியில் பணிபுரிகிறேன். சிப்காட் ஆலைகளில் ஒப்பந்த வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளே எங்கள் வகுப்பில் அதிகம். மாடு மேய்க்கும் குடும்பங்களும் இன்னும் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் மாணவன், ஒன்றரைப் பக்கக் கட்டுரை கேட்டால் நான்கு வரி எழுதித் தருபவன், ஒருநாள் பென் டிரைவுடன் வந்து, "சார், நான் ஒரு கேம் செஞ்சிருக்கேன், பாக்கறீங்களா?" என்றான். அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியில், ஸ்கிராட்சில், கோடை விடுமுறை முழுவதும் உட்கார்ந்து செய்திருக்கிறான்.

பாத்திரமேற்று ஆடும் மாயக்கதை விளையாட்டு அது. நாயகன் ஒரு மேய்ப்பன். அவனிடம் பன்னிரண்டு மாடுகள். ஏரிக்குள் ஓர் அசுரன். புளிய மரத்தடியில் ஒரு கிழவி குறிப்புகள் சொல்வாள்.

அதை ஐந்து நிமிடம் ஆடிப் பார்த்தேன். பிறகு, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, வகுப்பின் முன் கரும்பலகையில் குறைகளை வரிசையாக எழுதினேன். நாயகன் சுவரில் சிக்கிக்கொள்கிறான். கிழவியின் பேச்சு படிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. விட்ட இடத்திலிருந்து தொடர வழி இல்லை. 'ஏரி' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் 'ஏறி'. கிழவி பாதி தெலுங்கில் பேசுகிறாள். இப்படி ஒன்பது குறைகள். அவன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து கணினி ஆய்வகத்துக்கு வரவில்லை. இரண்டு வாரம்.

நான் எழுதிய ஒன்பதும் உண்மையான குறைகள்தான். ஆனால் அவை எல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் தெரிபவை. அந்த விளையாட்டு எதைப் பற்றியது என்பதை நான் பார்க்கவே இல்லை.

இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது, கல்லூரியில் படிக்கும் என் மகள், "அப்பா, நீங்க முதல்ல அண்டர்டேல் ஆடிப் பாருங்க" என்றாள். அமெரிக்கரான டோபி ஃபாக்ஸ் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விளையாட்டு. பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. கதை, நிரல், இசை எல்லாம் பெரும்பாலும் அவரே. ஓவியத்தில் டெமி சாங் முக்கியத் துணை. 2013இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 5,000 டாலர் கேட்டார், 51,124 டாலர் சேர்ந்தது. அதற்கு முன் பள்ளி வயதில், தனக்குப் பிடித்த எர்த்பவுண்ட் என்ற ஜப்பானிய விளையாட்டை மாற்றியமைத்துப் பழகியவர்.

என் கரும்பலகைப் பழக்கத்தோடு அண்டர்டேலை அணுகினால் அங்கும் குறைகளை அடுக்கலாம். சண்டைக் காட்சிகளில் பெரும்பாலும் கறுப்புப் பின்னணி, வெள்ளைக் கோட்டுருவங்கள். சில புதிர்கள் மிக எளியவை, சில இடங்களில் நடையோ நடை. உள்ளே நிரலும் ஒழுங்கானதல்ல என்று அதைப் பிரித்துப் பார்த்த நிரலர்கள் கேலி செய்வதுண்டு. உரையாடல்கள் எல்லாம் ஒரே நீளமான நிபந்தனைத் தொடரில் கிடக்கின்றனவாம். (நம் மாணவர்களிடம் இதைச் சொல்லலாம், ஆறுதலாக இருக்கும்.)

ஆனால் அதில் ஒரு விதி இருக்கிறது. எதிரே வரும் எந்தப் பூதத்தையும் கொல்லாமல் விடலாம், கடைசிவரை ஒருவரையும் கொல்லாமலே ஆடி முடிக்கலாம். கொன்றால் அனுபவப் புள்ளி கிடைக்கும், நாயகன் வலுப்பெறுவான். விட்டுவிட்டால் புள்ளி கிடையாது, கடைசிவரை அதே 20 உயிர்ப்புள்ளியோடு தாக்குப்பிடிக்க வேண்டும். இரக்கத்துக்கு ஒரு விலை உண்டு. அதை வசனத்தில் சொல்வதோடு நிற்காமல், ஆடுபவரையே கொடுக்க வைக்கிறது. அந்த விளையாட்டின் உயிர் அந்த விதியில் இருக்கிறது, படங்களில் அல்ல.

அன்றிரவு என் மாணவனின் விளையாட்டைத் திரும்ப எடுத்தேன். கடைசிவரை ஆட இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்போதுதான் கவனித்தேன். அசுரனோடு சண்டை நடக்கும்போது திரையின் மூலையில் 'மாடு' என்ற மாறி குறைந்துகொண்டே வருகிறது. அரை நிமிடத்துக்கு ஒரு மாடு. மேய்ப்பன் சண்டையில் மும்முரமானால் மாட்டைப் பார்ப்பது யார்? இந்த விதியை மாடு மேய்த்த வீட்டுப் பிள்ளையைத் தவிர யாரும் யோசித்திருக்க முடியாது.

முடிவு இன்னும் ஒரு படி மேல். காணாமல் போன மாடுகள் ஏரிக்கு அடியில், பழைய வயல்களில் மேய்ந்துகொண்டிருக்கின்றன. தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டை ஏரிகளை இணைத்து 500 மில்லியன் கன அடி நீர்த்தேக்கமாக்கியதும், அது 2020 நவம்பரில் திறக்கப்பட்டதும் நமக்குச் செய்தி. அவன் வீட்டில் அது என்னவாகப் பேசப்பட்டிருக்கும் என்று அந்தக் காட்சியில் ஓரளவு தெரிந்தது.

இனி உண்மையான பெருங்குறைக்கு வருகிறேன். அது என் ஒன்பதில் இல்லாதது. அசுரனின் உயிர்ப்புள்ளி 500. ஒரு வெட்டுக்குக் குறைவது 5. நூறு வெட்டு வெட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டு மாடும் போய்விடும், யார் ஆடினாலும். சண்டையா மாடா என்ற தேர்வே ஆடுபவருக்குக் கிடைப்பதில்லை. ஒரே ஓர் எண் தவறாக இருந்ததால் அந்த அருமையான விதி செத்துக் கிடந்தது.

அவனை அழைத்து முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "மாடு குறையுதே, அதை எப்படிப்பா யோசிச்சே?" என்றேன். அரை மணி நேரம் பேசினான். அந்த 500ஐப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் நான்கு பேரை ஆளுக்குப் பதினைந்து நிமிடம் ஆடவிட்டு, அவனைப் பின்னால் உட்காரச் சொன்னேன். ஒரே நிபந்தனை, வாய் திறக்கக்கூடாது. எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும். மூன்றாவது ஆள் சண்டையின் நடுவில் சலித்துப்போய் மவுஸை விட்டபோது அவனே எழுதிக்கொண்டான். மறுநாள் அசுரனின் புள்ளி 60 ஆகியிருந்தது. நான்கு பேருமே கிழவியிடம் மூன்று முறை திரும்பப் போனதால், வசனத்தை இரண்டு நொடி என்று வைக்காமல், விசையை அழுத்தும்வரை நிற்கும்படி மாற்றினான். தொடர்ந்து ஆட, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஓர் எண்ணைக் காட்டி, அடுத்த முறை அதைக் கேட்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன்.

'ஏறி' 'ஏரி' ஆயிற்று. கிழவியின் தெலுங்கை எங்கள் தமிழாசிரியை திருத்த விடவில்லை. "இந்தப் பக்கத்துப் பாட்டிங்க அப்படித்தானே பேசுவாங்க சார்?" என்று கேட்டார். சரிதான்.

அந்த நால்வரிடமும் ஆளுக்கு ஒரு மதிப்புரை எழுதி வாங்கினேன். கடைசிவரை ஆடாமல் எழுதக்கூடாது, 'போர் அடிக்குது' என்றால் எந்தக் கட்டத்தில், ஏன் என்று சொல்ல வேண்டும், இதை இவனால் மட்டுமே செய்திருக்க முடியும் என்று தோன்றிய ஓர் இடத்தையாவது காட்ட வேண்டும். மூன்றாவது கேள்விதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது, எனக்கும்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். மாடு குறைவது எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடு என்று நண்பர்கள் இருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். எடுக்காதே என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது, சொல்லவில்லை. நேற்று ஆய்வகத்தில் இரண்டு கோப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒன்றில் மாடு குறைகிறது, இன்னொன்றில் குறைவதில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தான்.