கறிக்கோழிக்குக் கால் வலுக்க: ராகி போதுமா, முருங்கை போதுமா?

ஓசூர், சூளகிரி பக்கம் சொந்தமா தீவனம் அரைச்சு கறிக்கோழி வளர்க்கும் உழவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூணாவது வாரம் குஞ்சு காலை மடக்கி உட்கார்ந்துடுது. மூலிகை ஏதாச்சும் கொடுக்கலாமா?"

கொடுக்கலாம். அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும்.

வளரும் குஞ்சுக்கு 100 கிலோ தீவனத்தில் ஏறக்குறைய 1 கிலோ கால்சியமும், அதில் பாதியளவுக்குச் செரிக்கக்கூடிய பாஸ்பரசும் வேண்டும். தானியங்களில் கால்சியம் மிகுந்தது நம்ம ராகி. ஆனாலும் 30 கிலோ ராகி சேர்த்தால் கிடைப்பது சுமார் 100 கிராம்தான். காய்ந்த முருங்கை இலைப்பொடி 1 கிலோ போட்டால் இன்னும் 20 கிராம். மக்காச்சோளத்தில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். தானியத்தில் உள்ள பாஸ்பரசிலும் பெரும்பகுதி கோழிக்குச் செரிக்காத வடிவில்தான் இருக்கு.

அதனால் ராகி, மக்காச்சோளம், சோயா பிண்ணாக்கு கலந்த 100 கிலோ தீவனத்துக்கு டி.சி.பி. 1¾ கிலோ, கிளிஞ்சல் தூள் அல்லது சுண்ணாம்புக்கல் தூள் 1 கிலோ சேருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது. கருவாட்டுத் தூள் போடுகிறவர்கள் இந்த அளவைக் குறைக்கணும். அதிலேயே இரண்டு சத்தும் வருது.

"கால்சியம்தானே, கூடப் போட்டா என்ன?" என்று முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வைக்காதீங்க. அதில் கால்சியம் மூன்றரை மடங்குக்கு மேல். சிறுநீரகம் கெடும், பாஸ்பரசும் உடம்பில் சேராது.

அடுத்தது வெயில். மார்கழிக் குளிருக்கு ஓசூரில் நாள் முழுக்கப் படுதாவை இறக்கி விடுகிறோம். வெயில் படாத குஞ்சுக்கு வைட்டமின் டி கிடைக்காது. அது இல்லாமல் கால்சியம் எலும்பில் ஏறாது. வெயில் ஏறியதும் படுதாவைச் சுருட்டுங்கள். தீவனத்தில் வைட்டமின் டி3 கலப்பதும் அவசியம்.

இதெல்லாம் சரியான பிறகு முருங்கையும் மஞ்சளும் துணைக்கு நிற்கும். பிரண்டையைப் பச்சையாகப் போட வேண்டாம், அரிப்பு எடுக்கும்.

அலகை வளைத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி வளைந்தால் சத்துக் குறை. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிக் கிடந்தால் மேரக்ஸ் நோயாக இருக்கலாம். அதற்குத் தீவனம் மருந்தல்ல, முதல் நாள் தடுப்பூசிதான் வழி. சந்தேகம் இருந்தால் மத்திகிரி கோழியினக் கல்லூரியில் கோழியைக் காட்டிக் கேளுங்கள்.