கற்றதற்குச் சான்று

வேலை வேண்டி விண்ணப்பம் எழுதுவோர், தாம் பெற்ற பட்டத்தையும் மதிப்பெண்களையும் குறிப்பிடுதல் வழக்கம். ஆயினும், கற்ற கல்வியை ஒருவர் எவ்வாறு பயன்படுத்தவல்லவர் என்பதைப் பட்டம் மட்டும் உணர்த்திவிடாது. கற்கும் காலத்தில் அவர் செய்த வேலையே அதனை உணர்த்தும். மைக்கேல் பாரடேயின் வாழ்க்கை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பாரடே 1791-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். கல்லூரியில் பயிலும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 14-ஆம் வயதில், இலண்டன் நகரில் புத்தகங்களைத் தைத்து அட்டை கட்டும் கடையொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கு வந்த நூல்களைப் படித்து அறிவியலில் வேட்கை கொண்டார். 1812-ஆம் ஆண்டு, கடைக்கு வந்துபோகும் அன்பர் ஒருவர் அளித்த அனுமதிச் சீட்டுகளால், இராயல் இன்ஸ்டிடியூஷனில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார்.

கேட்டதோடு அவர் அமையவில்லை. குறிப்புகளை விரித்தெழுதி, சோதனைக் கருவிகளின் படங்களையும் வரைந்து சேர்த்து, தம் கையாலேயே நூலாகக் கட்டினார். அறிவியல் பணி வேண்டி இராயல் கழகத் தலைவருக்கு அவர் எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வரவில்லை. எனினும் உள்ளம் தளராமல், அவ்வாண்டு டிசம்பர் மாதம் டேவிக்கு விண்ணப்பம் எழுதித் தம் ஆர்வத்திற்குச் சான்றாக அக்குறிப்புகளையும் அனுப்பினார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால், அப்பொழுது கொடுப்பதற்கு இடமில்லை. சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் விலக்கப்படவே, டேவி பாரடேயை நினைவுகூர்ந்தார். 1813 மார்ச்சு 1-ஆம் நாள் பாரடே அப்பணியில் அமர்ந்தார். மின்னாக்கிகளுக்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831-ஆம் ஆண்டு கண்டறிந்தவர் அவரே.

அக்குறிப்பு நூல் கூர்ந்து கேட்கும் திறனையும், தெளிவாக எழுதும் ஆற்றலையும், தொடங்கியதை முடிக்கும் உறுதியையும் ஒருங்கே காட்டிற்று. டேவியின் கருத்துகளைப் பாரடே தம்முடையனவாகக் காட்டிக்கொள்ளவில்லை; அவருடைய சொற்பொழிவுக் குறிப்புகளாகவே அனுப்பினார்.

இன்று வேலைக்கும் தொழிற்பயிற்சிக்கும் விண்ணப்பிக்கும் கல்லூரி மாணவரும் இந்நெறியைப் பின்பற்றலாம். செய்தவற்றையெல்லாம் குவித்தல் வேண்டா. நாடும் வேலைக்குப் பொருந்தும் சிலவற்றைத் தேர்ந்தால் போதும். எடுத்துக்கொண்ட வினா யாது, கையாண்ட முறை யாது, கண்ட முடிவு யாது என்பவற்றைச் சுருங்க உரைத்தல் வேண்டும். பலர் கூடிச் செய்ததாயின், தம் பங்கு இன்னதென்று மறையாது கூறுதல் வேண்டும். பிறர் உழைப்பைத் தமதென்று காட்டுவோர், நேரில் வினவும்பொழுது விடை கூற இயலாது வெட்குவர். தாமே செய்தவர்க்கோ அவ்வினாக்களே துணையாகும்.